தாத்தா கப்பலில் வந்தார், சரி. உங்கள் கேள்வி என்ன?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் வளர்ந்து, மாஸ்டர்ஸ் வரை படித்துவிட்டு அடுத்து பிஎச்டி என்று கிளம்பும் பிள்ளைகளில் பலர் இடம்பெயர்வு ஆய்வைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆச்சரியம் இல்லை. நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய கதையைக் கேட்காமல் இந்தப் பக்கம் எந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தது? அவர்கள் எழுதும் ஆய்வு முன்மொழிவுகள் சில என் கைக்கும் வரும், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று. முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாத்தா வந்தார், காட்டை அழித்தார், பால்மரம் வெட்டினார், நாட்டை உருவாக்கினார், நாடு அவரை மறந்துவிட்டது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பிஎச்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் அவர் மனதில் எழுவது ஒரே கேள்வி: எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறதே, அப்புறம் எதைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு வருடம்?

இங்கேதான் பல நல்ல விண்ணப்பங்கள் விழுந்துவிடுகின்றன. மதிப்பெண் குறைவு, ஆங்கிலம் சரியில்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் காரணங்கள்.

பல்துறை இடம்பெயர்வு ஆய்வு என்றால் எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பிஎச்டி இடங்களுக்கான விளம்பரமும் அப்படித்தான் தொனிக்கும்: சமூகவியல், சட்டம், வரலாறு, பொருளியல், புவியியல், இவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டம், மற்றவற்றில் ஆர்வம். உண்மையில் தேடுவது ஒரு துறையில் காலை நன்றாக ஊன்றியிருக்கும் ஆளை. அந்தத் துறை எந்த இடத்தில் கைவிரிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் அரிதாகக் கிடைக்கிறது.

இந்தத் துறை பிறந்த விதமே அப்படி. 1885இல் 'இடம்பெயர்வின் விதிகள்' என்ற கட்டுரையை எழுதிய ராவன்ஸ்டைன் ஒரு புவியியலாளர், வரைபடம் போடுகிறவர். பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை வைத்துக்கொண்டு, பெரும்பாலோர் அதிக தூரம் போவதில்லை, ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் இருக்கும் என்றெல்லாம் சொன்னார். அந்த எதிரோட்டத்தை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மலாயாவுக்கு வந்த இந்தியர்களில் பாதிக்கு மேல் திரும்பிப் போனவர்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1969க்குப் பிறகு, வேலை பெர்மிட் கிடைக்காமல் இன்னொரு கூட்டம் கப்பல் ஏறியது. நம் வீட்டுக் கதைகள் தங்கியவர்களின் கதைகள். போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தஞ்சாவூர்ப் பக்கமோ சேலத்துப் பக்கமோ இருப்பார்கள், அவர்களிடம் வேறு கதை இருக்கும். முன்மொழிவில் "திரும்பிப் போனவர்கள் எங்கே?" என்று ஒரே ஒரு வரி இருந்தாலும் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

1970ஐ ஒட்டி மலேசிய இந்தியர்களைப் பற்றி மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. எழுதியவர்கள் கெர்னியல் சிங் சந்து, சின்னப்பா அரசரத்தினம், ரவீந்திர ஜெயின். முதலாமவர் புவியியலாளர், இரண்டாமவர் வரலாற்று ஆசிரியர், மூன்றாமவர் ஒரு தோட்டத்திலேயே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர். ஒருவர் ஆட்கள் எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று பார்த்தார், ஒருவர் சமூகம் எப்படி உருவானது என்று பார்த்தார், ஒருவர் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், யார் யாரோடு பேசுகிறார், யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார் என்று பார்த்தார். மக்கள் ஒரே மக்கள்தான். அன்றைக்கு மூன்று பேர் தனித்தனியாகச் செய்ததை ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று இன்று யாரும் கேட்கவில்லை. மூவரில் நீங்கள் யார் பக்கம், மற்ற இருவரிடம் எதைக் கடன் வாங்குவீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

ஓர் உதாரணம் எடுத்து விரிவாகச் சொன்னால்தான் விளங்கும். தோட்டங்களில் பிறந்து வளர்ந்து கிழவியான பிறகும் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டிகளை நமக்குத் தெரியும். நிரந்தர வசிப்பிடத் தகுதி உண்டு, குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. ஏன் இப்படி ஆனது? "அரசாங்கம் கொடுக்கவில்லை" என்பது மேடைக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது.

முதலில் ஐசி எங்கிருந்து வந்தது? 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது, அந்த ஆண்டே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை என்று பதிவு தொடங்கியது. ஆக, அந்த அட்டை பிறந்தது பாதுகாப்புக் காரணத்துக்காக. குடியுரிமை என்ற யோசனைக்கும் அதற்கும் அப்போது சம்பந்தம் குறைவு. பிறகு 1957இல் மெர்டேக்கா, சுதந்திரம். அதற்குப் பின் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை, அதுவும் 1962 வரை. அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடத் தகுதியோ உள்ளவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. மெர்டேக்காவுக்கு முன்பே பிறந்தவர்களில் பலர் மனுப் போட்டுப் பதிய வேண்டியிருந்தது, குடியிருந்த ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும், மலாய் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துக்குள் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே பேர் கொடுத்து சம்பளம் வாங்கிய ஒரு பெண்ணுக்கு அந்த மனு யார் மூலம் போயிருக்கும்? கிராணி (தோட்ட எழுத்தர்) மூலம், மண்டோர் (வேலை மேற்பார்வைக்காரர்) மூலம், தொழிற்சங்கக் கிளைத் தலைவர் மூலம். சில தோட்டங்களில் மொத்தமாக மனுப் போட வைத்திருப்பார்கள், சில தோட்டங்களில் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போகாதவரிடம் யாரும் அட்டை நிறத்தைக் கேட்கவும் இல்லை. 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்து, அடுத்த ஆண்டு அது அமலானபோதுதான் நிறம் வயிற்றைத் தொட்டது.

இப்போது பாருங்கள், சட்டம் படித்தவருக்கு அரசியல் சாசனப் பிரிவுகள் தெரியும், கிராணியின் பங்கு தெரியாது. வரலாறு படித்தவர் கோப்பைத் தேடிப் பிடிப்பார், ஆனால் பாட்டி ஏன் அந்தக் காகிதத்தைப் பெரிதாக நினைக்கவில்லை என்பது கோப்பில் இருக்காது. மானிடவியலாளர் பாட்டியோடு உட்கார்ந்து பேசுவார், ஆனால் இப்படி எத்தனை பேர், எந்த மாநிலத்தில் அதிகம் என்று கேட்டால் திணறுவார். குழு தேடும் மாணவர் இப்படிச் சொல்லக்கூடியவர்: "நான் வரலாறு. தோட்டத்து அலுவலகப் பதிவேடுகளும் தொழிற்சங்கக் கடிதங்களும் என் வேலை. குடியுரிமைச் சட்டத்தை இரண்டாவது மேற்பார்வையாளரிடம் கற்றுக்கொள்வேன். எண்ணிக்கை மதிப்பீடு நான் செய்யப்போவதில்லை, ஏனென்றால் அதற்கான தரவு என்னிடம் இருக்காது." கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வேண்டும். எல்லாம் செய்வேன் என்று எழுதுகிறவரைப் பார்த்தால் குழுவுக்குப் பயம்தான் வரும், இந்தப் பிள்ளை மூன்றாம் ஆண்டு மூச்சுத் திணறி நிற்கும் என்று.

அப்புறம் அந்தக் "காட்டை அழித்தார்" என்ற வரி. சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா பக்கம் உள்ளே போனால் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் கிராமங்கள். அந்தக் காடு ஆளில்லாத காடாக இருக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர் பட்ட கஷ்டத்தைப் பேசும்போது, அவர் வந்து நின்ற மண்ணில் ஏற்கெனவே இருந்தவருக்கு என்ன ஆனது என்று குழுவில் ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்வியைத் தன் மீது எறிந்த கல்லாக எடுத்துக்கொள்ளாமல் யோசிக்கத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் முகம் சிவந்துவிடுகிறார்கள். அது எனக்குப் புரிகிறது, "வந்தேறி" என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே வேறு மாதிரி காதில் விழும். இருந்தாலும் ஆய்வுக்கு வந்துவிட்டால் அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

என் கருத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை இன்றைய லயம்தான். தாத்தா இருந்த லயத்தில், அல்லது அதை இடித்துக் கட்டிய கொங்சியில் (தொழிலாளர் கூட்டுக் குடியிருப்பில்), இப்போது யார் இருக்கிறார்? இந்தோனேசியர், வங்காளதேசி, நேபாளி. ரப்பர் போய் செம்பனை வந்து, நம் ஆட்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் ஃபேக்டரிக்கும் நகர்ந்த பிறகு அந்த இடத்தை நிரப்பியவர்கள் அவர்கள். 2020 கணக்கெடுப்பின்படி நாட்டின் 3 கோடியே 24 லட்சம் பேரில் ஏறக்குறைய 27 லட்சம் பேர் குடியுரிமை இல்லாதவர்கள், அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். இந்திய வம்சாவளி மலேசியக் குடிமக்களின் எண்ணிக்கையை விட இது அதிகம். பெர்மிட் இல்லாமல் ஒளிந்திருப்பவர் கணக்கெடுப்பாளர் வந்தால் கதவைத் திறப்பாரா என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்வு ஆய்வு என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, தன் வீட்டிலிருந்து பத்து நிமிட மோட்டார் தூரத்தில் இருக்கும் இந்த இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் எழுதினால், குழு என்ன நினைக்கும்? நான் கோயில் திருவிழா ஆய்வையோ குடும்ப வரலாற்றையோ குறைத்துப் பேசவில்லை. வேறு வேறு காலத்து இடம்பெயர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள், அதைச் சொல்கிறேன்.

அப்படி வைத்துப் பார்க்கும்போதும் அவசரப்படக் கூடாது. "அன்றைக்குக் கங்காணி, இன்றைக்கு ஏஜெண்ட், ரெண்டும் ஒன்றுதான்" என்று எழுதுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் பெரிது. 1907இல் தமிழ் குடியேற்ற நிதி என்று சட்டம் போட்டு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் ஆள் கொண்டுவரும் செலவை ஏற்றார்கள். கங்காணி தன் ஊர், தன் சாதி, தன் சொந்தம் என்று குடும்பமாகக் கூட்டி வந்தான், பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள், அதனால்தான் இங்கே நாம் இருக்கிறோம். 1938இல் இந்திய அரசு அந்த வழியை அடைத்தது. இன்று தற்காலிக வேலை பாஸில் வரும் தொழிலாளி குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, பெர்மிட்டில் எழுதிய முதலாளியை விட்டு நகர முடியாது, ஏஜெண்டுக்குக் கொடுத்த காசுக்கு ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கான அரசாங்கக் கட்டணமான லெவியை முதலாளி கட்ட வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது, ஏஜெண்ட் காசு லெவியில் வராது. ஆக, அன்றைய முறை ஒரு சமூகத்தை இங்கே ஊன்றியது, இன்றைய முறை யாரும் ஊன்றக் கூடாது என்றே கட்டப்பட்டிருக்கிறது. ஒப்பிட்டு இந்த வேறுபாடு வரை வந்து சேரும் மாணவரைத்தான் தேடுகிறார்கள், ஒற்றுமையோடு நின்றுவிடுகிறவரை இல்லை.

இன்னொன்று, நாம் உள்ளூர் ஆள் என்பது எப்போதும் சாதகம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்க் கிழவர்களிடம் பேச அது சாதகம், சந்தேகமே இல்லை, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பித்துத் தேநீர் வந்துவிடும். ஆனால் நேபாளித் தொழிலாளியின் கண்ணுக்கு நீங்கள் யார்? அவருக்குத் தெரிந்த தமிழர் மண்டோர், கிராணி, கடைக்காரர். மேனேஜர் அனுமதி கொடுத்து, அவர் ஃபோர்வீலிலேயே ஏறி லயத்துக்குப் போய் இறங்கினால், அன்றைக்குக் கிடைக்கும் பதில் எல்லாம் "எல்லாம் ஓகே பாஸ்" தான். மொழிபெயர்க்க ஒரு மூத்த தொழிலாளியை வைத்துக்கொள்கிறோம், அவரே ஊரிலிருந்து ஆள் பிடித்துத் தரும் துணை ஏஜெண்டாக இருக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பாஹாசாவில் (மலாய் மொழியில்) சரளமாகப் பேசுவதோடு கொஞ்சம் வங்காளமோ நேபாளியோ கற்கத் தொடங்கியிருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

நெறிமுறை விஷயத்தில் குழுக்கள் இப்போது மிகவும் கறாராக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. பெர்மிட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர் 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் குற்றவாளி, 2002 திருத்தத்துக்குப் பிறகு அபராதம், சிறையோடு பிரம்படியும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய் "சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டினால், உங்கள் பையில் இருக்கும் அந்தத் தாள்தான் அவருக்கு எதிரான முதல் சாட்சி. அதனால் வாய்மொழிச் சம்மதம், பெயர் இல்லாத பதிவு, கைபேசியில் எண்களைச் சேமிக்காமல் இருப்பது, குறிப்பேட்டில் தோட்டத்தின் பெயரைக்கூட மாற்றி எழுதுவது. வக்கீலுக்கு இருக்கும் ரகசியப் பாதுகாப்பு ஆய்வாளருக்குக் கிடையாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். "பல்கலைக்கழக விதிகளைப் பின்பற்றுவேன்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டால் இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். சம்பளப் பிடித்தம், அடி, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டது, இதையெல்லாம் கேட்டுவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள் என்று நேர்காணலில் கேட்கலாம். தொழிலாளியிடம் கேட்காமல் போலீசுக்கு ஓடுவேன் என்பதும் தவறு, நான் ஆய்வாளர் மட்டும்தான் என்று கையைக் கட்டிக்கொள்வதும் தவறு. யோசித்த தடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கு இருக்கும் ஒரு பெரிய சொத்தைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அது தமிழ் வாசிப்பு. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காலனியக் கோப்புகளை யாரும் போய்ப் படிக்கலாம், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலக் கோப்புகளையும் படிக்கலாம். ஆனால் 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் நாளிதழையும், 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும், சங்கக் கடிதங்களையும் கோயில் கணக்கையும் வாசித்துப் பொருள் கொள்ள முடிந்தவர் உலகத்தில் எத்தனை பேர்? தமிழ்ப்பள்ளியில் படித்தேன் என்பதை வெறும் ஒரு வரியாகத் தன்விவரக் குறிப்பில் போடாதீர்கள். எந்த ஆவணத்தை அதனால் உங்களால் திறக்க முடியும் என்று எழுதுங்கள்.

புள்ளிவிவரக் கணக்கு தெரியாமல் இந்த ஆய்வு செய்ய முடியாதா என்றால், முடியும். அட்டவணையைப் பார்த்து அதில் யார் விடுபட்டிருப்பார்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும், மென்பொருள் எல்லாம் முதல் வருடத்தில் கற்றுக்கொடுப்பார்கள்.

விண்ணப்ப நடைமுறையும் இடத்துக்கு இடம் மாறும். இங்கேயும் பிரிட்டனிலும் பெரும்பாலும் நீங்களே முன்மொழிவு எழுதி, மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்து, பிறகுதான் விண்ணப்பம். ஐரோப்பாவின் பல இடங்களில் பிஎச்டி என்பது சம்பள வேலை. ஆய்வுத் திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அதில் உங்கள் இடம் எது என்று காட்ட வேண்டும். அங்கே தாத்தா கதை இன்னும் குறைவாகத்தான் செல்லும், கூட்டு வேலைக்கு நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் முக்கியம். இரண்டு மேற்பார்வையாளர்கள், இரண்டு துறைகள், ஒருவர் சரி என்பதை மற்றவர் வெட்டுவார், நடுவில் நின்று மனம் ஒடியாமல் ஒரு முடிவு எடுக்கத் தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் திட்டங்களில் இன்னொரு விதி உண்டு: சேரப்போகும் நாட்டில் அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. பேராக்கில் உட்கார்ந்து விண்ணப்பிப்பவருக்கு அது தடையே இல்லை, உள்ளூர்க்காரருக்குத்தான் தடை. இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஒரு கேள்விக்குக் கட்டாயம் தயாராக இருக்க வேண்டும்: தோட்டத்துக்குள் விடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பலருடைய களப்பணி ஒரே நாளில் நின்றுபோனது, அதனால் இந்தக் கேள்வி இப்போது சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவது இல்லை. "மேனேஜரிடம் மறுபடி கேட்பேன்" என்பது பதிலாகாது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் பட்டணத்துக்கு வருவார்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டரில் வரிசை நிற்கும், கைபேசிக் கடையில் டாப்அப் போடுவார்கள், சூராவுக்கு (சிறு தொழுகைக் கூடத்துக்கு) போவார்கள், நேபாளிகள் கூடும் உணவுக்கடை ஒன்று இருக்கும். அங்கேயிருந்து தொடங்கலாம், மேனேஜர் தேவையில்லை. அதுவும் அடைபட்டால் ஆவணம், பத்திரிகை, பழைய தொழிலாளர்களின் வாய்மொழி என்று ஆய்வின் எந்தப் பகுதியை முன்னால் இழுப்பீர்கள் என்று மாதக் கணக்கோடு சொல்லுங்கள்.